நான் திருத்திய புடவை

எதையும் கழிக்க மனம் வராதவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். காலி டப்பாவைக்கூட எப்போதாவது உதவும் என்று பரணில் ஏற்றுவார்கள். அந்த வகையில் படங்களைச் சுருக்கும் மென்பொருள் எழுதுவது எனக்கு ஏற்ற வேலைதான். ஹைதராபாத் மல்லாபூரில், ஒரு பழைய தொழிற்சாலையின் மாடியில், நாங்கள் நாலு பேர் அதைச் செய்துகொண்டிருந்தோம். சினிமா டிஜிட்டல் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். கேமரா பிடிப்பதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிப் பதியும் ஒரு பெட்டியை உருவாக்கியிருந்தோம். இரண்டு வருஷ உழைப்பு. யாராவது ஒருவர் அதைத் தன் படத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நால்வரையும் வங்கி மென்பொருளுக்கு மாற்றிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த ஒருவராக வரக்கூடியவர், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்து ஒளிப்பதிவாளர். அவருடைய முதல் படம் தொடங்க இருந்தது. ஆனால் அவர் ‘ரா’ கட்சி. கேமராவின் உள்ளே விழுந்ததை ஒன்றும் கழிக்காமல் அப்படியே பதிவதுதான் ரா. ஒரு நாள் படப்பிடிப்புக்கே ஒரு பெட்டி நிறைய ஹார்ட் டிஸ்க் வேண்டியிருக்கும்.

“சுருக்கினது நக்கோ தம்பி. எதத் தூக்கிப் போடலாம்னு உங்க பெட்டிக்கு எப்படித் தெரியும்?” என்றார். நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்; அவருடைய தமிழில் ஹைதராபாத் உருது இப்படிக் கலந்திருக்கும்.

“உங்க ராவே பாதிக்கு மேல ஊகந்தாண்ணே,” என்றேன்.

வாயடைக்கச் சொன்னதுதான், ஆனால் உண்மை. கேமராவுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகிக்க வேண்டும். இதை முதன்முதலில் படித்த அன்று நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு தெரியாமலே ஒரு முகம் முகமாக வந்து நிற்கிறது என்பதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் மசியவில்லை. சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று முடிவானது. எங்கள் அலுவலக வரவேற்பு மேசையில் இருந்தவர் என் வயதுள்ள ஒரு தெலுங்குப் பெண். அன்று சிவப்பில் வெள்ளைக் கட்டம் போட்ட போச்சம்பள்ளிப் புடவை கட்டியிருந்தார். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, ராவாகவும் எங்கள் பெட்டியிலும் ஒரே நேரத்தில் பதிந்தோம். பெட்டியில் பதிந்ததை உடனே திரையில் போட்டேன். ஒளிப்பதிவாளர் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

“ஹவ், இதான் நான் சொன்னது. ஓரத்தப் பாரு. சிவப்பு வெள்ளைக்குள்ள ஒழுகுது.”

ஒழுகத்தான் செய்தது. ஒரு கட்டத்தின் ஓரம்கூட நேராக இல்லை. நிறத்தை அளவுக்கு மீறிச் சுருக்கினால் இப்படித்தான் ஆகும். ராவைத் திறந்து ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் அதைப் படமாக்க எங்கள் கணினிக்கு அரை நாள் பிடிக்கும். கோளாறுதான் கண்ணெதிரே தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி வந்து முடிவு சொல்வதாக அவர் கிளம்பினார்.

நடுவில் மூன்று நாள். மற்ற சோதனைப் படங்கள் எதிலும் அந்தக் கோளாறு வரவில்லை. நான் அவற்றை நம்பவில்லை. ஓரங்களைத் தேடிப்பிடித்து நேராக்கும் ஒரு திருத்தத்தை எழுதிச் சேர்த்தேன். வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பெரிய பொறியாளன் புடவையைப் பற்றி வீட்டில் பேசுவானா?

வெள்ளிக்கிழமை காலை அதே பெண்ணை அதே புடவையில் உட்காரவைத்து மறுபடி பதிந்தோம். ராவும் தயாரான பிறகு, சாயங்காலம் இரண்டையும் இரண்டு திரைகளில் ஓடவிட்டேன். எது எது என்று சொல்லவில்லை. ஒளிப்பதிவாளர் நெடுநேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு வலது பக்கத் திரையைத் தட்டினார்.

“இதான் ரா. ஓரமெல்லாம் கத்தி மாதிரி நிக்குது பாரு.”

“அண்ணே, அது எங்க பெட்டி.”

மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். ஜெயித்துவிட்டோம்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற அந்தப் பெண் அப்போதுதான் வலது திரையைக் காட்டி, “சார், இதி நா சீர காது,” என்றார். இது என் புடவை இல்லை என்கிறார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அது கடையில் விற்கும் அச்சடித்த துணி, இடது பக்கம் இருப்பதுதான் என்னுடையது என்று தெலுங்கில் சொல்லிவிட்டு முந்தானையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். கட்டங்களின் ஓரமெல்லாம் சிவப்பு இழை இழையாகக் கசிந்திருந்தது.

அவர் அம்மா நூலில் கட்டுப் போட்டுக் கொடுக்க, அப்பா நெய்த புடவை. நெய்வதற்கு முன்பே, வெறும் நூலில், எங்கெல்லாம் வெள்ளை வேண்டுமோ அங்கெல்லாம் சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்களாம். அதற்குப் பிறகுதான் தறி. நெய்யும்போது நூல் மயிரிழை நகரும், அதனால் ஓரம் கசிந்துதான் வரும். கசியாமல் நேராக இருந்தால் போலி என்று சொல்லிவிடலாமாம்.

முந்தானையின் நுனியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். துணி என்ற ஒன்றே இல்லாதபோது, நூலில் எந்த இடம் எந்தக் கட்டத்தில் போய் உட்காரும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கூச்சத்தில் விட்டுவிட்டேன்.

ஒளிப்பதிவாளரும் முந்தானையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நான் ராவுலயே எடுத்துக்கிறேன் தம்பி,” என்றார்.

“தப்பாச் சொன்னது நீங்கதானண்ணே?”

“ஹவ், என் கண்ணுதான் தப்பு. ஆனா நான் சொன்னதும் உன் பெட்டி மாத்திக்கிச்சே. ரா யார் சொல்றதயும் கேக்காது.”

அவர் போன பிறகு, முதல் நாள் பெட்டியில் பதிந்ததைத் திறந்து, இடது திரையில் இருந்த ராவுக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். ஒவ்வொரு கசிவும், ஒவ்வொரு இழையும், எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அப்படியே இருந்தது. இதையா நான் எழுதினேன் என்று பிரமித்துப்போனேன். அழுகையும் வந்தது.

அந்தப் பெண் முந்தானையைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கிலேயே பேசினார்.

“இது சரியா இருக்கு சார். எப்ப எடுத்தது?”

“முதல் நாள்.”

“அப்புறம் எதுக்கு மாத்தினீங்க?”

ஓரம் ஒழுகுவதாக நினைத்ததைச் சொன்னேன்.

“என்னக் கேட்டிருக்கலாமே சார்,” என்றார். “மூணு நாளும் இங்கதான இருந்தேன்.”