சித்தி கழுவிய ஓடுகள்

இன்று காலை கறிவேப்பிலை போட்டுவைக்க ஸிப் பை ஒன்றைத் தேடினேன். அலமாரியின் அடியில் பழையது ஒன்று கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவால் ‘குழி 1, அடுக்கு 2’ என்று என் கையெழுத்து. எழுதிவைத்ததோடு சரி, உள்ளே எதுவும் போட்டதில்லை. கறிவேப்பிலையை அதிலேயே போட்டுவிட்டேன். தொல்லியல் படித்தவள் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம்.

முதுகலை ஆய்வுக்கு என்னோடு படித்தவர்கள் எல்லாரும் குகையும் விகாரையும் எடுத்தார்கள். நான் கொடகவெலப் பக்கம், நான் பிறந்த தோட்டத்தில், ஒரு காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்து இப்போது இடிந்து கிடந்த பழைய லயத்தை எடுத்தேன். லயமெல்லாம் தொல்லியலா என்று பேராசிரியர் சிங்களத்தில் கேட்டார். பிறகு மனமிரங்கி, ஒரு குழி வெட்டு, மண் கலையாமல் இருந்தால் தலைப்பைத் தருகிறேன் என்றார். வெட்டினேன். சட்டி ஓடு, வளையல் துண்டு, சிலேட்டுக் குச்சி எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எதையும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு அவரை அழைத்துவரக் கிளம்பினேன். போகிற போக்கில், பக்கத்து லயத்தில் குடியிருந்த சித்தியிடம் சொன்னேன்:

“திங்கக்கெழம பெரிய சார் பாக்க வாறாரு சித்தி. கொஞ்சம் பாத்துக்குங்க.”

அதுதான் நான் செய்த முட்டாள்தனம். தோட்டத்தை நடத்தும் துரை பார்க்க வருகிறார் என்றால் லயத்தைக் கூட்டி, சாக்கடைக் கானைக் கழுவி வைப்பது எங்கள் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம். அங்கேயே பிறந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. படிப்பு முற்றினால் இப்படித்தான்.

நாங்கள் போய் இறங்கியபோது முற்றம் முழுவதையும் மண்வெட்டியால் செதுக்கி, குழியை மூடி, மேலே சாணி மெழுகியிருந்தார்கள். பெரிய ஓடுகள் நாலைந்து மட்டும் கழுவித் துடைத்து ஒரு தட்டத்தில் இருந்தன.

“மத்ததெல்லாம் எங்க சித்தி?”

“ஒடஞ்சது தானேம்மா, கான்ல கொட்டிட்டோம். சார் விழுந்துறக் கூடாதுன்னு குழியையும் மூடிட்டோம்.”

பேராசிரியர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சித்திக்கு நன்றி சொன்னார். வேனில் ஏறியதும், வேறு தலைப்பு பார்ப்போம் என்றார். எனக்கு அழுகை வந்தது. சித்தியிடம் கோபப்பட மட்டும் முடியவில்லை. அவர் நல்ல சேலை உடுத்தி, பூ வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு கித்துல்கலப் பக்கத்தில் ஒரு குகையை எடுத்தேன். பட்டமும் வந்தது. சித்தி போய்ச் சேர்ந்துவிட்டார். லயம் இருந்த மேட்டை இயந்திரம் வைத்துச் சமப்படுத்தி ரப்பர் கன்று நட்டுவிட்டார்கள்.

அந்தக் குகையில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பு இருந்தவர்கள் என்ன தின்றார்கள் என்று கேளுங்கள், பக்கம் பக்கமாகச் சொல்வேன். அந்த லயத்தில் எங்கள் ஆட்கள் எந்தச் சட்டியில் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.