ஸ்பிதி ஜீப்பில் ஓர் இடம்

"சித்தப்பா, முப்பதாம் தேதி எங்க ஆய்வுக் குழுவுல கூட்டம். பொம்பளைங்க, வெளியூர்க்காரங்க எல்லாருக்கும் சம வாய்ப்பு குடுக்கறதப் பத்தி. விருந்தாளிங்களும் வரலாம். நான் ஸ்பிதிக்குப் போறேனா இல்லையான்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும்."

மே 19 அன்று டெல்லியிலிருந்து அண்ணன் மகள் பேச்சி அனுப்பிய செய்தி இது. நிலவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஜூன் 2 அதிகாலையில் அவளுடைய குழு இமாசலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு ஜீப்பில் கிளம்புகிறது. அந்தக் குழுவிலிருந்து இதுவரை பெண்கள் யாரும் மலைக்குப் போனதில்லை.

மே 29. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து புதுடெல்லியில் இறங்கினேன். மெட்ரோவில் ஹவுஸ்காஸில் மாறி, முனிர்கா. மூன்றாம் மாடியில் அவள் அறை. சுவரில் கை வைத்தால் சுட்டது. கட்டில்மேல் இரும்புக் குழாய்களும் ஒரு சுருள் கறுப்புத் துணியும்.

"என்னம்மா, பிளம்பர் வேலையும் பாக்கறியா?"

"மணல் எடுக்கற குழாய் சித்தப்பா. ஆத்தங்கரையில அடிச்சு இறக்கி, ரெண்டு முனையையும் அடைச்சு, துணியில சுத்திரணும். மணல்மேல கடைசியா எப்ப வெயில் பட்டுச்சுன்னு கணக்குப் பண்ணலாம். வழியில வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. போன வருசம் எங்க குழுவுல இருக்கற மோகித் எனக்காக எடுத்துட்டு வந்தான். ஒரு முனையை அடைக்கவே இல்ல."

மணலுக்கும் தேதி உண்டு என்பது, தேதிகளைக் குறித்து வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட என் தூக்கத்தை நெடுநேரம் கெடுத்தது.

மே 30. கூட்டத்தில் குழுத் தலைவரான பேராசிரியர் தம் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். நல்ல மனிதர். பெண்கள் மலைக்குப் போக முடியாமல் இருந்தது தவறு, தனிக் கூடாரம் வாங்கப்படும் என்றார். கைதட்டல். பிறகு, சம வாய்ப்புக்கான பொறுப்பாளராகப் பேச்சியை நியமிப்பதாகவும், ஜூன் மாதம் முழுக்க அவள் டெல்லியில் இருந்து அறிக்கை தயாரிப்பாள் என்றும் சொன்னார். மறுபடி கைதட்டல். சமோசா வந்தது.

வெளியே வந்ததும் பேச்சி கேட்டாள்: "ரெண்டாவது தடவை எதுக்கு சித்தப்பா கை தட்டுனீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்ப் பேராசிரியரிடமே கேட்டேன்.

"பெண்கள் மலைக்குப் போகலாம், இல்லையா?"

"கட்டாயம் போக வேண்டும்."

"பேச்சி?"

"அவளுக்கு இப்போது அதைவிடப் பெரிய பொறுப்பு இருக்கிறதே! மணலை மோகித் கொண்டுவருவான்."

அவர் முகத்தில் துளியும் கபடம் இல்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் போக முடியாது. யாரைக் குறை சொல்வது என்று எனக்குப் புரியவில்லை.

மே 31. ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகன் கோவிலுக்கு ஆட்டோவில் போனோம், எழுபது ரூபாய். வழி நெடுக நாங்கள் இதைப் பற்றியே வாக்குவாதம் செய்ததைப் பார்த்து, ஓட்டுநர் இந்தியில் விசாரித்தார். பேச்சி பதில் சொன்னாள். அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"சீட் வேணும்னா முதல்ல ஏறி உக்காந்துரணுமாம். சண்டையை அப்புறம் வச்சுக்கலாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"அச்சா பையான்னேன். சரிண்ணேன்னு அர்த்தம்."

அன்று மாலை அவள் பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தாள். பொறுப்பாளர் வேலையை மோகித்துக்குக் கொடுங்கள், மலைக்கு யார் யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றாளாம். அவர் வாய்விட்டுச் சிரித்து, பார்க்கலாம் என்றாராம்.

"பார்க்கலாம்னா சரியா, இல்லையா?"

"எனக்கும் தெரியல சித்தப்பா."

ஜூன் 1. ஊருக்கு ரயில் ஏறினேன். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். திருப்பிக் கத்தவாவது ஓர் ஆள் எதிரில் இருப்பார்.

மறுநாள் காலை வண்டி நாக்பூரை நெருங்கும்போது பேச்சியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜீப். திறந்த பின்கதவு. உள்ளே கூடாரப் பைக்குப் பக்கத்தில் கறுப்புத் துணிச் சுருள். ஆட்கள் யாரும் இல்லை. படம் எடுத்தவள் ஏறப்போகிறவளா, வழியனுப்ப வந்தவளா என்று தெரியவில்லை.

அதன் பிறகு அவளுடைய எண் கிடைக்கவில்லை. ஸ்பிதியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது என்கிறார்கள். டெல்லியில் மணலைப் பிரிக்கும் இருட்டறைக்குள் போகும்போதும் அவள் கைபேசியை அணைத்துவிடுவாள். இன்று ஜூன் 6. பேச்சி அந்த ஜீப்பில் ஏறினாளா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.