சேர்க்காமல் அனுப்பிய பெண்

தொண்ணூறுகளில் ஒரு நாள் தி. நகர் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "இன்னா சார், உனக்கு மட்டும் ரெண்டு டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. ரோஷத்தோடு இறங்கி, பாண்டி பஜார் பக்கம் இருந்த, உடம்பை இளைக்க வைக்கும் நிலையம் ஒன்றுக்குள் நுழைந்தேன். வாசற்கதவை அகலமாகவே வைத்திருந்தார்கள், வாடிக்கையாளரை அறிந்தவர்கள்.

மேஜைக்குப் பின்னால் கனகாம்பரம் வைத்த ஒரு பெண். நொடிக்கொரு தரம் முதுகுப் பக்கத் திரையைத் திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பின்னால் முதலாளி.

"காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பதிலா எங்க பவுடர் மட்டும்தான் சார். ஒரே மாசத்துல ஹீரோ ஆயிடுவீங்க!" என்றார் அந்தப் பெண் உரக்க. உடனே குரலைத் தாழ்த்தி, "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார்.

"சுகருக்கு, ரெண்டு வேளை."

"ஐயையோ, இங்க டாக்டர் யாரும் கிடையாது சார். உங்க டாக்டரைக் கேக்காம சேராதீங்க."

திரை அசைந்தது.

"இன்னிக்கே சேந்தா, இடுப்பைக் குலுக்கற பெல்ட் மெஷின் ஃப்ரீ சார்!" என்று மறுபடி குரலை உயர்த்தினார்.

"எந்த பெல்ட்டும் எனக்கு எட்டாதேம்மா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிளம்புங்க சார்," என்று முணுமுணுத்தார்.

என் மயிலாப்பூர் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "மாத்திரையைப் போட்டுண்டு சாப்பாட்டை விட்டிருந்தா, சுகர் எறங்கி நடுரோட்ல விழுந்திருப்பீர். உம்மை யார் ஓய் தூக்கறது?" என்றார்.

நன்றி சொல்ல மறுபடி போனேன். அந்த நாற்காலியில் வேறு யாரோ. என்னைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பியே அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்றோ என்னவோ; கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.