றலியா தனியே டவுனுக்குப் போன நாள்

கண்டி வாவியிலிருந்து அம்பிட்டிய ரோட்டில் கொஞ்சம் ஏறி, இடப்பக்கம் திரும்பினால் ஓர் ஒழுங்கை வரும். அந்த ஒழுங்கையில் முப்பத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறாள் றலியா. பத்தொன்பது வயதில் கம்பளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது தனியாக ஒரு பெரிய ரோட்டைக் கடந்ததில்லை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை.

டவுனுக்குப் போகாதவள் அல்ல. பெருநாள் உடுப்புக்குப் போவாள், கண் டொக்டரிடம் போவாள், கலியாண வீட்டுக்கு நகை பார்க்கப் போவாள். எல்லாம் புருஷன் தாஸிமோடு. ஹாட்வெயார் கடையொன்றில் ஸ்டோர் பார்த்த மனிதர் அவர். வேகமாக நடப்பார். றலியா மூன்று எட்டுப் பின்னால் வருவாள். சந்தி வந்தால் திரும்பிப் பார்க்கமாட்டார், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். விரல்கள் மூடியிருந்தால் நில். விரிந்தால் வா. றலியா பஸ்ஸைப் பார்த்ததுமில்லை, வேனைப் பார்த்ததுமில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். மகள் அம்னா சின்ன வயதில், "வாப்பாட சிக்னல் லைட்டு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தாஸிம் மவுத்தானபோது றலியா அந்த வீட்டிலேயே இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்கக்கூடாது. அந்தக் கணக்கு முடிந்து ஒரு கிழமையாகிறது. தெஹிவளையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அம்னா, வருகிற சனிக்கிழமை லொறி கொண்டுவந்து சாமானை ஏற்றி, வீட்டைப் பூட்டி, உம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். றலியாவுக்குப் போக விருப்பமில்லை.

"நான் இங்கயே இருக்கிற மகள்" என்றாள் ஃபோனில்.

"தனியவா? மருந்து முடிஞ்சா யாரு வாங்கிக் கொணாற?"

"நான் போய் வாங்குற."

மறுமுனையில் அம்னா சிரித்தாள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புத்தான், அதனாலேயே அது கூடச் சுட்டது.

"உம்மா, ஒங்களுக்கு மார்க்கெட் எந்தப் பக்கம் எண்டே தெரியா."

"தெரியும்."

"அப்ப ஒண்டு செய்யுங்க. நாளைக்குப் போங்க. லேக்கால நடந்து, டவுனச் சுத்தி, மார்க்கெட்டுக்குப் போய், நடந்தே திரும்பி வாங்க. ஓட்டோ ஏறக்கூடாது. யாரையும் கூட்டிட்டுப் போகவும் கூடாது. போய் வந்துட்டா நான் லொறியை நிப்பாட்டுற."

"வல்லாஹி? சத்தியமா?"

"வல்லாஹி" என்றாள் அம்னா. சொல்லிவிட்டுக் கொஞ்சம் பயந்திருப்பாள் போலும். "கவனம் உம்மா" என்று மூன்று முறை சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு றலியா புறப்பட்டாள். அம்னா மலேசியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெளிர்ப் பழுப்பு ஹபாயா. அம்னா விட்டுப்போன ஓட்டச் சப்பாத்து, முதுகில் அவளுடைய பழைய பேக், அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். கை இரண்டும் சும்மா இருக்கட்டும் என்ற யோசனையில் செய்த ஏற்பாடு. கீழே வாவி ரோட்டில் ஒரு நேர்ஸரி வேன் பிள்ளைகளை இறக்க நின்று வாகனங்களையெல்லாம் மறித்ததால் அங்கே சிரமமிருக்கவில்லை. வாவிக்கரை நடைபாதையில் ஏறினாள்.

வாவி அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. தாஸிமோடு வரும்போது அவரைப் பிடிக்கவே மூச்சு வாங்கும், தண்ணீரை எங்கே பார்ப்பது? மீன்கள் கரையோரம் கும்பலாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பு ஒன்று பாசியைப் பிளந்துகொண்டு சாவகாசமாக நீந்திப் போனது. மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் றலியா நின்றாள். உட்காரும் வாங்குகளில் சோடி சோடியாக ஆட்கள். குடைக்குள் தலைகளை மறைத்துக்கொண்ட இளசுகள். தனியே இருந்தவர் ஒரேயொரு கிழவர், அவரும் பேப்பருக்குள் புதைந்து கிடந்தார். ஊரிலே இத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வாவி முடிகிற இடத்துப் பெரிய சந்தியில் வந்து நின்றபோது கால் ஓடவில்லை. ஆட்கள் கடக்கிற மஞ்சக் கோடு இருந்தது. பஸ்கள் அதை மதிக்கிற மாதிரித் தெரியவில்லை. ஒரு கூட்டம் கடந்தது, அவள் நின்றாள். இன்னொரு கூட்டம் கடந்தது. நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மேடம்!"

ஸலாம் சொன்ன மனிதருக்கு அறுபது வயதிருக்கும். தொப்பி, கழுத்தில் ஏதோ கார்ட், கையில் மடக்கிய குடை.

"வஅலைக்கும் ஸலாம்" என்றாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. நாலு மாதமாக ஓர் அந்நிய ஆம்பிளையோடு வாய் திறந்தவளில்லை.

"மலேசியா? புருணை? வெரி குட்! ஐ எம் பஹீம். முஸ்லிம் கைட். கம் மேடம், ஆர்ட் கெலரி, ஜஸ்ட் லுக்கிங்!"

பேக்கையும் சப்பாத்தையும் போத்தலையும் பார்த்து மனிதர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஊர்க்காரி எவள் மீனையும் காகத்தையும் நின்று பார்க்கிறாள்? குடையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, "கம், கம்" என்று முன்னே நடந்தார். றலியா பின்னால் போனாள்.

தலதா வீதியிலிருந்து ஒரு பக்கத் தெருவில் திரும்பி, மாடிப்படி ஏறி, ஓவியம் விற்கும் ஒரு கடை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரெல்லாம் யானை, பெரஹரா ஊர்வலம், கொழுந்து பறிக்கும் பெண்கள். கவுன்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் சிந்துஜா என்று பெயர் குத்தியிருந்தது.

"தங்கச்சி, நல்ல பார்ட்டி" என்றார் பஹீம் தமிழில், சத்தத்தைக் கொஞ்சம்கூடக் குறைக்காமல். "பேக்கப் பாத்தீங்களா? வெளிநாட்டுச் சாமான். பெரிய படமாக் காட்டுங்க. ஆள் வாயே திறக்குதில்ல, ஊமையோ தெரியா."

"அந்தம்மாவுக்கு மொதல்ல ஒரு பிளேன்டீ குடுப்போம் நானா. வேர்த்துப் போய் நிக்கிறாங்க" என்றாள் சிந்துஜா.

றலியாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இப்போது வாயைத் திறந்தால் இந்த மனிதரின் முகம் போகும் போக்கைப் பார்க்க முடியாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அங்கே ஒரு பெரிய படம். மலையிலிருந்து பார்த்து வரைந்த டவுன். நடுவே வாவி, தலதா மாளிகையின் கூரைகள், நூல் நூலாகத் தெருக்கள். அவள் ஊரை முழுதாக ஒரே பார்வையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலைக் கண்ணாடியில் படாமல் வைத்துக்கொண்டு தேடினாள். இது அம்பிட்டிய ரோட்டு. இது நடந்து வந்த கரை. இது அந்தச் சந்தி.

விரல் சந்தியில் நின்றது. அதை எப்படிக் கடந்தாள்? யோசித்துப் பார்த்தாள். பஸ் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை எட்டு வைத்தாள், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. பஹீமின் செருப்புத்தான் ஞாபகமிருந்தது. வலது குதியில் தேய்ந்துபோன பழுப்புச் செருப்பு. அதைப் பார்த்தபடியே வந்திருக்கிறாள்.

யாரையும் கூட்டிட்டுப் போகக்கூடாது என்று அம்னா சொல்லியிருந்தாள். கூட்டிக்கொண்டு வரவில்லைதான், ஆனால் முன்னால் ஒரு ஆள் போக, பின்னால் வந்துவிட்டாள். அம்னாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒரு மருந்துக்கு இறங்க வேண்டிய நாளில், பஹீம் அங்கே நிற்கப்போவதுமில்லை.

"நான் மறுக்கா லேக்குக்குப் போகோணும்" என்றாள் வாய்விட்டு.

பஹீம் பிளேன்டீ கோப்பையைக் கையிலேயே மறந்தார். சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டு, "நானா, ஒங்க மலேசியா நல்லாத் தமிழ் பேசுதே!" என்றாள்.

"யா அல்லாஹ்! ராத்தா, நீங்க எங்கட ஆளா? முன்னமே செல்லியிருக்கலாமே!"

"நீங்க செல்ல உட்டாத்தானே. அங்கேந்து இங்க வரைக்கும் இங்கிலீசுல பேசிட்டே வந்தீங்க."

"எந்த ஊரு?"

"இதுதான். அம்பிட்டிய ரோட்டு."

"கூட யாரு வந்த?"

"யாரும் வரல்ல. மாப்பிள மவுத்து. இத்தா முடிஞ்சி இப்பதான் இறங்கின." பிளேன்டீயை வாங்கிக் குடித்துவிட்டு, மகளோடு பேசிய பேச்சைச் சுருக்கமாகச் சொன்னாள். "நான் ஒங்களுக்குப் பின்னால வந்திட்டன். அது சரிவராது. திரும்பவும் கடக்கோணும்."

பஹீம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, வாங்க. நான் கூட்டிட்டுப் போய்..."

"வாணாம்."

"சந்தி மிச்சம் மோசம் ராத்தா."

"நீங்க வாற எண்டா எனக்குப் பின்னால வாங்க."

சிந்துஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "போங்க நானா, இன்னைக்கு அவங்கதான் கைட்."

சந்தி வரைக்கும் மனிதர் பின்னால்தான் வந்தார், இந்தப் பக்கம் வண்டி, அந்தப் பக்கம் வண்டி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு. றலியா திரும்பி, "பேசவும் வாணாம்" என்றாள். அவர் ஒரு கடை வாசலில் ஒதுங்கினார். "நான் இங்கேந்து பாக்கிற. ஏதும் நடந்தா பொலிசுக்குச் செல்ல ஆள் வேணுமே" என்றார்.

றலியா மஞ்சக் கோட்டின் விளிம்பில் நின்றாள். முதல் தடவையாக வாகனங்களைப் பார்த்தாள். அவற்றின் முகங்களைப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். லொறி மெதுவாக வருகிறது. மோட்டார்சைக்கிள் யாரையும் பார்ப்பதில்லை. வேன்காரன் பார்த்துவிட்டான், ஆனால் நிறுத்துகிற நினைப்பில்லை. ஓர் இடைவெளி வந்தது, காலைத் தூக்குமுன் மூடிக்கொண்டது. அடுத்த இடைவெளியில் இறங்கினாள். நடுவில் ஒரு பஸ் ஹோனைப் போட்டது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "அம்மே, இக்மண்ட!" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினான். கையை அவன் பக்கம் நீட்டிக்கொண்டே மிச்சத் தூரத்தை அரைகுறை ஓட்டமாகக் கடந்தாள்.

வாவிப் பக்கம் ஏறியதும் போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். பஹீம் அதற்குள் ஒரு வெள்ளைக்காரச் சோடியைப் பிடித்து, குடையால் மாளிகையைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா? மூச்சு அடங்கும் வரை நின்றுவிட்டு, யாரும் பார்க்காமலேயே றலியா திரும்பவும் கடந்தாள்.

அதற்குப் பிறகு டவுன். தலதா வீதியில் நகைக் கடைக் கண்ணாடிகளுக்கு முன்னால் ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய கொம்ப்ளெக்ஸ் வாசலில் குளிர்காற்று வந்து முகத்தில் அடித்தது, உள்ளே போகத் தோன்றவில்லை. கொழும்பு வீதியில் ஒரு புடைவைக் கடை. ஒவ்வொரு பெருநாளுக்கும் தாஸிம் அவளை உட்கார்த்திவிட்டுத் தன் வேலைக்குப் போகும் கடை. இருபது வருஷமாக அங்கே கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்த முதலாளியே வாசலில் நின்றிருந்தார். றலியா ஸலாம் சொன்னாள். பதில் சொன்னார், சிரித்தார். ஆனால் அவர் கண்கள் அவளுக்கு முன்னால் யாரும் வந்தார்களா என்று தேடிவிட்டு, வெறுமனே திரும்பின. அவருக்கு அவளை யாரென்று தெரியவில்லை. தாஸிமுக்குப் பின்னால் வந்திருந்தால் தெரிந்திருக்கும். இன்னாருடைய பெண்சாதி என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் மவுத்தையும் சொல்ல வேண்டும், அவர் வருத்தப்பட வேண்டும், கதிரை வரும். வேண்டாமென்று நடந்தாள்.

மார்க்கெட்டில் போஞ்சி பிஞ்சாக இருந்தது.

"எவ்வளவு?" என்றாள் மரக்கறிக் கடைப் பெண்.

"கால் கிலோ."

"கால் கிலோவா? ஒரு ஆளுக்கா?"

"ஓ. ஒரு ஆளுக்குத்தான்."

அந்தப் பெண் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை, தராசில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். றலியாதான் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வெளியே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். மீன் பக்கம் போய், பழப் பக்கம் போய், வந்த வழிக்கே திரும்பி வந்தாள். பாதை கேட்கலாம்தான். கேட்காமலேயே மூன்றாம் தரம் சுற்றியபோது வழி பிடிபட்டு வெளியே வந்தாள்.

ஒழுங்கை ஏற்றத்தில் நாலு இடத்தில் நின்று நின்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றினால் இரண்டு குதியும் கொப்புளம். மதியத் தொழுகையான ளுஹரைத் தொழுதுவிட்டு அம்னாவுக்கு ஃபோன் எடுத்தாள். பஹீம் கதையையும் மறைக்காமல் சொன்னாள். மலேசியா என்றதற்கு அம்னா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அதே சந்தியைத் தனியே, திரும்பி வந்ததோடு சேர்த்து மூன்று தரம் கடந்ததைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"தெரிஞ்ச ஆக்கள் யாரையும் காணல்லியா உம்மா?"

"கண்ட. அவங்களுக்குத்தான் என்னைத் தெரியல்ல."

"எப்புடி இருந்திச்சி?"

றலியா யோசித்தாள். சந்தோசமென்று சொன்னால் பொய்யாகும். "ஊருக்குள்ள ஆள் இல்லாத மாதிரி இருந்திச்சி" என்றாள்.

"அப்ப என்னத்துக்கு உம்மா இந்தக் கஷ்டம்? இங்க வாங்களேன். நான் எல்லா இடமும் கூட்டிட்டுப் போற."

"அதுதான் மகள். அங்க வந்தா நான் ஒங்களுக்குப் பின்னால நடக்கோணும்."

தெஹிவளையில் எங்கோ ரயில் போகும் சத்தம் ஃபோனில் கேட்டது.

"தனிமையா இருக்கும் உம்மா."

"இருக்கும்" என்றாள் றலியா. "இன்டைக்கும் இருந்திச்சி."

"லொறிக்காரனுக்கு வரவாணாம் எண்டு நான் செல்லுற" என்று அம்னா ஃபோனை வைத்தாள். குரல் கனத்திருந்தது. கோபமோ, அழுகையோ, றலியாவுக்குப் பிடிபடவில்லை. மறுபடி எடுத்துக் கேட்கலாமா என்று நினைத்தாள். எடுக்கவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதுகூடக் கேட்டது. மணி இரண்டுதான் ஆகியிருந்தது. பகல் இன்னும் நிறைய மிச்சமிருந்தது.