குனிந்து பார்த்த ஒருவன்

எண்பதுகளின் தொடக்கத்தில் போடிக்கு ஒரு கொலைப் படம் வந்தது. பெரிய நடிகர் போலீஸ் அதிகாரியாக நடித்திருந்தார். அக்காவும் நானும் அப்போது ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் காயைத் தரையில் கொட்டி, வெடித்ததையும் வெளுத்ததையும் ஒதுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. அந்தப் படம் வந்ததும் கிடங்கு இரண்டு கட்சியாகிவிட்டது.

"அவரு நடந்து வர்றதுக்கே குடுத்த காசு செரியாப் போச்சு" என்றாள் என் பக்கத்தில் உட்காரும் பெண். அவள் இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.

எதிரே இருந்த பெரியம்மாவுக்குப் படம் பிடிக்கவில்லை. "மாடிப்படிக்குக் கீழ ஒருத்தன் செத்துக் கெடக்கான். எல்லாரும் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்றாக. இவரு மட்டும் குனிஞ்சு பாத்துட்டு, மூக்குக் கண்ணாடி பையில மடிச்சு இருக்கு, கண்ணாடி இல்லாம இவன் படி எறங்க மாட்டான், இது கொலைங்கிறாரு. எந்தப் போலீசு இப்படிக் குனிஞ்சு பாக்குது?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலை நிமிராமல் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்காரர் போடிமெட்டுப் பாதையில் ஜீப் ஓட்டியவர். தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போய்விட்டு, இறங்கும்போது ஏலக்காய் லோடு கொண்டுவருவார். எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், அவர் ஓட்டிய ஜீப் கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஓரத்தில் நின்றது. அவர் கீழே பள்ளத்தில் கிடந்தார். வண்டியில் ஏற்றிய மூட்டைகள் இல்லை. குடித்துவிட்டு ஒதுங்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார், மூட்டையை வழியில் போனவன் எவனோ எடுத்திருப்பான் என்று முடித்துவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு சினிமாக் கொட்டகைப் பக்கம் அவள் போனதே இல்லை.

அந்த வாரம் லீவு நாளன்று மத்தியானம், சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "வாடி, அந்தப் படத்துக்குப் போவோம்."

பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெரித்தது. நடிகர் முகம் காட்டியதும் விசில் காதைப் பிளந்தது. அவர் பிணத்தின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இடைவேளை வரைக்கும் விடவில்லை. விளக்கு எரிந்ததும் சொன்னாள்:

"அவரு செருப்பு வண்டிக்குள்ளதான்டி கெடந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"ஓட்டும்போது கழட்டிப் போட்டுருவாரு. எறங்குனா மாட்டாம எறங்க மாட்டாரு. அட்டை கடிக்கும்னு அம்புட்டு பயம். ஜீப்பு மொதலாளி துண்டையும் செருப்பையும் கொண்டாந்து குடுத்தாருல்ல, வண்டிக்குள்ள கெடந்துச்சுன்னு? அப்ப அவரா எறங்கலடி. யாரோ எறக்கிருக்காக."

"இத ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"யாரு கேட்டா?"

வீட்டில் சொன்னதும் அப்பா கோபப்பட்டார். "படத்தப் பாத்துட்டு ஸ்டேசனுக்குப் போறாளாம். போனவன் திரும்பி வரப்போறானா? ஊரு சிரிக்கும்." பிறகு குரல் இறங்கி, "ஆத்தா, செஞ்சவன் இந்த ஊருலதான் நடமாடுவான். ஒன்னைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

அக்கா கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியிலேயே இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அந்தச் சம்பவத்தின்போது இங்கே இல்லாதவர். அக்கா செருப்பு, அட்டை, துண்டு எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னாள். அவ்வளவு நேரம் அவள் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "என்னம்மா, படம் பாத்தியா?" என்றார்.

பின்னால் நின்ற இன்னொருவர் சிரித்துவிட்டார்.

அக்கா பொய் சொல்லவில்லை. "பாத்தேங்கய்யா" என்றாள்.

"நானும் பாத்தேன். படத்துல மூணு மணி நேரத்துல எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருவாக. இங்க அந்தச் செருப்பு கெடந்த வண்டியே இப்ப எவன் கையில இருக்கோ. அதுக்கப்புறம் எத்தன மழை பேஞ்சிருச்சு. வீட்டுக்குப் போம்மா."

அவர் மோசமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால்கூடத் திட்டிக்கொண்டே வந்திருக்கலாம்.

தெருவில் இறங்கியதும் நான் அழுதுவிட்டேன். "பூராம் பொய்யிக்கா அந்தப் படம். அதப் பாத்துத்தான் இந்தச் சிரிப்பு நமக்கு."

"பொய்யின்னு சொல்லாத" என்றாள் அக்கா. "அதுல ஒருத்தனாச்சும் குனிஞ்சு பாத்தான்."

அந்தப் படத்தைப் பற்றி அவளும் நானும் பிறகு ஒத்துப்போகவே இல்லை. நடிகர் வில்லனை அடித்துத் துவைத்த கடைசிக் காட்சியைக் கிடங்கில் மெச்சும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். செத்தவனுக்கு ஒரு மனைவி இருந்தாள்; ஒரே காட்சியில் அழுதுவிட்டு அதோடு காணாமல் போனாள். அவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் பேசவில்லை. படம் தூக்கப்பட்டு வேறு படம் வந்தது. கட்சி கட்டிப் பேச அவர்களுக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது.

அடுத்த மழைக்கு முன்பே அக்கா மலைத்தோட்டத்து வேலைக்குக் கிளம்பினாள். அங்கேயே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தங்க வேண்டும். அப்பா தடுத்தும் கேட்கவில்லை. "இங்க ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்து, இவனா அவனான்னு நெனக்க முடியலப்பா" என்றாள்.

அவளைக் கொண்டுபோய் விட நானும் ஜீப்பில் போனேன். ஆட்கள் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். சில வளைவுகள் ஏறியபின், ஒரு கொண்டை ஊசி வளைவின் பள்ளத்தோரம் அக்கா முன்னால் குனிந்து, "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றாள்.

டிரைவர் புது ஆள். "என்ன தங்கச்சி, வாந்தி வருதா?" என்று கேட்டு, ஓட்டியபடியே ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பின்னால் நீட்டினார். அக்கா அதை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள். ஜீப் மெதுவாக வளைந்து ஏறியது.