அம்மாவைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம்

எனக்கு ட்ரோன் ஓட்டுவதென்றால் பைத்தியம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. விசிறிகள் சுழன்று, வரப்பிலிருந்து அது ஜிவ்வென்று எழும்பும்போது என் வயிறும் கூடவே எழும்பும். மகளிர் குழுவில் யார் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் புருஷனைக் கேட்கணும், மாமியாரைக் கேட்கணும் என்று இழுத்துக்கொண்டிருக்க, நான் யாரையும் கேட்காமல் கையைத் தூக்கிவிட்டேன். லைசென்ஸோடுதான் ஊர் திரும்பினேன். அதன்பிறகு திருத்துறைப்பூண்டியைச் சுற்றி எந்த வயலுக்கு மருந்தடிக்க வேண்டுமென்றாலும் எனக்குத்தான் போன் வரும். "பைலட்டம்மா வந்துட்டாங்கப்பா, வழி விடுங்க" என்று கிண்டலாகத்தான் சொல்வார்கள். சொல்லட்டுமே! எனக்கு இனிக்கத்தான் செய்தது.

ஒரே குறை, மருந்தடிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் கை பரபரக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தபோதுதான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். எல்லையைக் கண்காணிக்க ராணுவத்துக்கு ட்ரோன் செய்கிறவர்கள். அதற்குள் இருக்கும் ஏஐ, மேலிருந்து பார்த்தே கீழே நிற்பது மனிதனா, மாடா, வண்டியா என்று கண்டுபிடித்துவிடுமாம். சோதித்துப் பார்க்க மேடு பள்ளமில்லாத வெட்டவெளி வேண்டும் என்று எங்கள் வயல்வெளிக்கு அனுமதி வாங்கி வந்திருந்தார்கள். ஓட்டுவதற்கு உள்ளூரில் லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். சோதனை நல்லபடியாக முடிந்தால் எனக்கு நிரந்தர வேலை, வருஷம் முழுக்கப் பறக்கலாம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னைவிட அம்மாவுக்குத்தான் கனவு அதிகம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. "நான் குனிஞ்சது நம்ம வீட்டுக்கே போதும்டி. நீ ஆகாயத்தையே பாத்துக்கிட்டு சம்பாரி. இந்த வேலை மட்டும் கெடச்சிட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்றாள். "இப்பவே எதுக்கு கண்ண மூடுற, மொதல்ல சோத்தப் போடு" என்றேன்.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் சார் என்போம். இன்னொருத்தி பொறியாளர், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், வந்த அன்றே சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தவள். லேப்டாப் திரையில் ஏஐ பார்க்கிறதை அவள் எனக்குக் காட்டினாள். மனிதர்களைச் சுற்றிப் பச்சைக் கட்டம், மாடுகளைச் சுற்றி மஞ்சள் கட்டம், ஆயுதம் வைத்திருக்கிறவர்களைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

முதல் நாளே கூத்துதான். டீக்கடைக்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார். டக்கென்று அவரைச் சுற்றிச் சிவப்பு! "அய்யய்யோ, தீவிரவாதி டீ போடுறாரு" என்று கத்தினேன். மனிதர் குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றார். சார்கூடச் சிரித்துவிட்டார்.

அப்புறம் நடவு வயல் பக்கம் ட்ரோனைத் திருப்பினேன். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா. திரையைப் பார்த்தால், வரிசை முழுக்க மஞ்சள் கட்டம். மாடு, மாடு, மாடு. எங்கள் அம்மாவும் மாடு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏங்க, அது எங்கம்மாங்க!" என்றேன். பொறியாளர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரிக்கா. நிமிந்து நிக்கிறவங்க, நடக்கிறவங்க போட்டோதான் நிறைய குடுத்திருக்கோம். இப்படி நாள் பூரா குனிஞ்சே இருக்கிறவங்கள அது பாத்ததே இல்ல" என்றாள். இதே வயல்களில் ஆண்டைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதற்காக அடி வாங்கியவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. குனிந்தால் மாடு என்று இப்போது ஒரு மிஷின் சொல்கிறது. என் கோபம் நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னதும் நடவு வரிசையே சேற்றில் விழாத குறையாகச் சிரித்தது. "மாடுன்னா வைக்கோலாவது போடுமாடி ஒன் மிஷினு?" என்று அம்மா கேட்டாள்.

"இருங்க, நானே அதுக்குப் பாடம் எடுக்கிறேன்" என்று கிளம்பினேன். அடுத்த மூன்று வாரம் எனக்குச் சோறு தண்ணி மறந்தது. நடவு நடும் வரிசை, களை பறிக்கும் வரிசை, நாற்றுக்கட்டைச் சுமந்து வருகிறவர்கள், வாய்க்காலில் குனிந்து முகம் கழுவுகிறவர்கள் என்று மேலிருந்து படம் படமாக எடுத்தேன். பிறகு லேப்டாப்பில் ஒவ்வொரு முதுகைச் சுற்றியும் கட்டம் போட்டு, மனிதர், மனிதர் என்று குறித்தேன். அம்மா முதுகை மட்டும் எத்தனை முறை கட்டம் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கையை மாற்றி இடுப்பில் ஊன்றுவாளே, அதைக்கூட விடவில்லை. பொறியாளர் அதையெல்லாம் ஏஐக்கு ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் மறுபடி வரிசைமேல் பறக்கவிட்டேன். ஒவ்வொன்றாக மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. கடைசியாக அம்மா. பச்சை! நான் வரப்பிலேயே குதித்தேன். பொறியாளர் இன்னொரு செருப்பையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏய், நம்மள மனுசின்னு ஒத்துக்கிச்சுடீ!" என்று அம்மா கையிலிருந்த நாற்றை வீசி எறிந்து கூவினாள். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்துக்கு, ட்ரோன் இல்லாமலே கீழ்வேளூர் வரை பறந்து போயிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைசிச் சோதனை. சார் அன்று டீக் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இனிமே சண்டைக்கு ஆள் போக வேண்டியதில்லம்மா. இதுங்களே போகும், தேடும், கண்டுபிடிக்கும். நம்ம பசங்க உயிரோட வீடு வந்து சேருவாங்க." அவர் எத்தனை பையன்களைச் சவப்பெட்டியில் வீட்டுக்கு அனுப்பி வைத்தவரோ. எனக்கு மனசு இளகிப்போயிற்று. அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

சோதனை சுலபம்தான். ஒருவர் ஓட வேண்டும், ஒளிய வேண்டும். ட்ரோன் அவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பின்தொடரும். நான் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தால் போதும். விடாமல் பிடித்துக்கொண்டால் சோதனை பாஸ், எனக்கு வேலை. ஓடுவது யார் என்று சார் கேட்டு முடிக்கும் முன்பே அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "எம்பொண்ணு வேலைக்கு நான் ஓடாம யாரு ஓடுவா?"

ஓடினாளே பார்க்கணும்! இந்த வயதில் அந்த ஓட்டம்! வரப்பில் ஓடி, வாய்க்காலைத் தாண்டி, கருவேல மரத்தடியில் பதுங்கினாள். பச்சைக் கட்டம் மரத்தைச் சுற்றி வந்து கிளை இடுக்கில் அவளைப் பிடித்தது. அங்கிருந்து பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். பிடித்தது. "விடாதே, விடாதே!" என்று நான் ட்ரோனுக்குக் கூச்சல் போட்டேன். வயலில் நின்ற பெண்களெல்லாம் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு, "அந்தாண்ட ஓடுக்கா, அந்தாண்ட!" என்று கத்தினார்கள்.

கடைசியில் அம்மா ஒரு வேலை செய்தாள். தரிசில் நாலைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நேராக அவற்றுக்கு நடுவே புகுந்து, நடவுக்குக் குனிகிற மாதிரியே குனிந்து நின்றுகொண்டாள். முன்பென்றால் ஏஐ ஏமாந்துபோயிருக்கும். திரையில் அத்தனையும் மஞ்சள். நடுவே ஒன்றே ஒன்று பச்சை. கட்டம் துளியும் அசையவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சார் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கோ கணக்குச் சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார்: "பர்ஃபெக்ட். இதே நிஜமா இருந்தா, இந்த நிமிஷம் ஆளு முடிஞ்சிருக்கும்."

திரையில் அம்மா நிமிர்ந்து மேலே பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூச்சு வாங்க, இரண்டு கையையும் ஆட்டினாள். என் கை தானாகவே ரிமோட்டின் குச்சியை வெடுக்கென்று இழுத்து ட்ரோனைத் திருப்பியது. "ஏன்க்கா?" என்றாள் பொறியாளர். "பேட்டரி" என்றேன். பேட்டரி பாதிக்குமேல் இருந்தது அவளுக்கும் தெரியும்.

அம்மா ஓடி வந்தாள். "பாஸாடி?"

"பாஸும்மா."

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். எம்பொண்ணுக்கு வேலை கெடச்சிருச்சு, எம்பொண்ணுக்கு வேலை கெடச்சிருச்சு.

வேலைக்கான கடிதம் வந்தபோது, நான் வேலைக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பினேன். பொறியாளரைப் போனில் கூப்பிட்டு, எங்கள் அம்மா படத்தையெல்லாம் அழித்துவிட முடியுமா என்று கேட்டேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "படத்த அழிச்சிடலாம்க்கா. அது கத்துக்கிட்டத அழிக்க முடியாது."

காரணத்தை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் களையெடுப்புக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"உனக்குன்னுதானடி நான் அந்த ஓட்டம் ஓடினேன்?"