வூட்டுக்குப் போன செல்வி

கோணல்மாணலாக எழுதுகிறேன், மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில், ஐந்தாவது படித்த நான் உறுவையாறு பாலர் பள்ளியில் பயிற்சி டீச்சராக இருந்தேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு அதற்கு வீடு என்று பேர் வைத்தேன்; நான் பாடி நிறுத்தியதும், பேர் சொன்ன பிள்ளை அதற்குள் ஓடிவர வேண்டும், அதுதான் விளையாட்டு. பாட்டு நின்றதும், "செல்வி, வூட்டுக்குப் போடி கண்ணு" என்றேன். மூக்கொழுகிய ஒரு பிள்ளையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் செல்வியைக் காணோம்! பக்கத்திலேயே ஆறு. பதறி அடித்துக்கொண்டு தேடி ஓடினேன்.

அவள் தன் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரு, நீங்கதான் வூட்டுக்குப் போன்னு சொன்னீங்களாமே! நல்லவேளை, ஆத்துக்குப் போன்னு சொல்லல" என்று அவள் அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே கட்டத்துக்குக் கூடு என்று பேர் மாற்றினேன். இப்போதும் கொள்ளுப்பேத்திகளோடு விளையாடும்போது, "கூட்டுக்குப் போ" என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பெண் பேர் செல்விதானா, வள்ளியா? ஊர்க்காரர் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.